தராசு சரியா என்று முதலில் பாருங்கள்



எடை குறைந்தால், சரக்கைக் குறை சொல்லும் முன் தராசைச் சரிபார்ப்பது நம் வழக்கம். ஆட்களை எடை போடும்போது மட்டும் இதை மறந்து விடுகிறோம். நானும் மறந்தவன்தான்.

சில ஆண்டுகளுக்கு முன் நண்பர் ஒருவர், பி.காம். படித்த தம் மகனை என் மண்டிக்கு வேலை கேட்டு அழைத்து வந்தார். "என்ன வேலை தெரியும் தம்பி?" என்றேன். பையன் என் முகத்தையே பார்க்கவில்லை, பதிலும் இல்லை. சுவரில் இருந்த காலண்டரையே பார்த்துக் கொண்டிருந்தான். "சொல்லி அனுப்புகிறேன்" என்றேன். சொல்லி அனுப்பவில்லை.

அவனுக்கு ஆட்டிசம் என்பது பிற்பாடுதான் தெரிந்தது. இன்று ஒரு கணிப்பொறி அலுவலகத்தில் விவரங்களைச் சரிபார்க்கும் வேலையில் இருக்கிறான். "ஒரு புள்ளி தவறினாலும் கண்டுபிடித்து விடுகிறான் அண்ணாச்சி" என்று நண்பர் சொன்னபோது, என் பேரேட்டில் மூன்று மாதமாக நேராகாத 140 ரூபாய்தான் நினைவுக்கு வந்தது.

ஆட்டிசம் தொற்றும் நோயல்ல. மூளை வளரும் விதத்தில் உள்ள வேறுபாடு. பேசிப் பழகுவது சிரமம். பலருக்கு இரைச்சல் தாங்காது. ஆனால் அவர்களில் சிலருக்கு நுணுக்கமான கண்ணும் சலிக்காத கவனமும் உண்டு.

டென்மார்க்கில் தோர்கில் சோன் என்பவரின் மகனுக்கு ஆட்டிசம். ஒருநாள் அந்தச் சிறுவன் கட்டம் கட்டமாக எண்களை எழுதினான். பார்த்தால், ஐரோப்பியச் சாலை வரைபடப் புத்தகத்தின் அட்டவணைப் பக்கம்! மனப்பாடமாக எழுதியிருந்தான். தொலைத்தொடர்பு நிறுவன வேலையை விட்டு, வீட்டை அடமானம் வைத்து, 2004-இல் 'ஸ்பெஷலிஸ்டர்னே' நிறுவனத்தைத் தொடங்கினார் தந்தை. ஆட்டிசம் உள்ளவர்களைக் கொண்டு மென்பொருளில் பிழை தேடித் தருவது தொழில். நேர்முகக் கேள்விகளை நம்பாமல், லெகோ கட்டைகளால் இயந்திரப் பொம்மை செய்யச் சொல்லித் திறமையைக் கவனித்தார்கள்.

அந்நிறுவனத்தின் சின்னம் டேன்டிலியன் செடியின் விதை. தோட்டக்காரருக்கு அது களை. மூலிகை அறிந்தவருக்கு மருந்து. நம் கீழாநெல்லியும் அப்படித்தானே? வரப்பில் மிதித்துப் போகிறோம். நாட்டு மருந்துக் கடையில் காசு கொடுத்து வாங்குகிறோம்.

2013-இல் ஜெர்மனியின் எஸ்.ஏ.பி. நிறுவனம் இவர்களோடு கைகோத்தது. அதன் பெங்களூர் அலுவலகத்தில் முதலில் 6 பேர் மென்பொருள் சோதனை வேலைக்கு வந்தார்கள். இது தர்மக் கணக்கல்ல, தொழில் கணக்கு.

எல்லோரும் கணக்கில் புலிகள் என்று எண்ணி விடக்கூடாது. வாழ்நாள் முழுதும் துணை தேவைப்படுவோரும் உண்டு. ஒவ்வொருவரையும் தனித்தனியாகத்தான் பார்க்க வேண்டும்.

நம் கடைகளிலும் கணிப்பொறி பில், இருப்புக் கணக்கு எல்லாம் வந்துவிட்டன. அப்படியொரு பிள்ளை வேலை கேட்டு வந்தால், கேள்வி கேட்டு மிரட்டாதீர்கள். ஒரு கட்டு பில்லைக் கொடுத்து, இருப்போடு ஒத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கல்லா இரைச்சலுக்கு அப்பால் ஓர் இடம் கொடுங்கள். வேலையை எழுதிக் கொடுங்கள். மாற்றம் இருந்தால் முதல் நாளே சொல்லுங்கள். சம்பளத்தில் மட்டும் குறை வைக்காதீர்கள்.

என் நண்பரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். அவர் பெருந்தன்மையாகச் சிரித்தார். அன்று பழுதுபட்டிருந்தது சரக்கல்ல, என் தராசு.