வெப்பக்காற்றுப் பலூன் உறை வடிவமைப்பில் கணினி மென்பொருள்

வெப்பக்காற்றுப் பலூனின் உறையை வடிவமைப்பதில் எழும் அடிப்படைச் சிக்கல் வடிவியல் சார்ந்ததாகும். இருதிசையிலும் வளைந்த பரப்பை உருத்திரிபின்றித் தட்டையாக்க இயலாது என்பது 1827இல் காஸ் நிறுவிய தேற்றத்திலிருந்து பெறப்படுகிறது. எனவே, உறை உச்சியிலிருந்து வாய் வரை செல்லும் நீண்ட துணிக்கீற்றுகளாகப் பகுக்கப்படுகிறது.

மென்பொருள் இப்பணியை இரு நிலைகளில் நிறைவேற்றுகிறது. முதல் நிலையில், துணியின் கிடைத்திசை இழுவிசை மிகக் குறைந்து, சுமையைச் செங்குத்து நாடாக்கள் தாங்கும் வகையிலான வடிவம் வகைக்கெழுச் சமன்பாடுகளின் எண்முறைத் தீர்வால் கணிக்கப்படுகிறது. இரண்டாம் நிலையில், அவ்வடிவத்தின் சுற்றளவைக் கீற்றுகளின் எண்ணிக்கையால் வகுத்து வெட்டுவடிவம் வரையப்படுகிறது. இங்கு கீற்றின் நீளமாகக் கொள்ளத்தக்கது உறையின் உயரம் அன்று. பக்க வளைகோட்டின் நீளமே ஆகும்.

எடுத்துக்காட்டாக, 24 கீற்றுகள் கொண்ட உறையின் விட்டம் 16 மீட்டராக உள்ள இடத்தில் ஒரு கீற்றின் அகலம் ஏறத்தாழ 2.09 மீட்டர். தையல்மடிப்பைக் கணக்கிடுகையில் ஒவ்வொரு கீற்றிலும் 1 சென்டிமீட்டர் குறையுமாயின், சுற்றளவு 24 சென்டிமீட்டர் சுருங்கும். அந்நிலையில், நாடாக்கள் தாங்கவேண்டிய சுமையின் ஒரு பகுதி துணிக்கும் தையலுக்கும் மாறும்.

ஆகவே, கணிப்பின் துல்லியம் உள்ளீட்டு அளவுகளின் துல்லியத்தை விஞ்ச இயலாது. மாதிரிக் கீற்றுகளைத் தைத்து, அளந்து, அவ்வளவுகளை மென்பொருளில் மீண்டும் உள்ளிடுவது வடிவமைப்பின் இன்றியமையாக் கூறாகிறது.