காயும் பழமும்

உத்தியோகத்தின் பொருட்டும் பிழைப்பின் பொருட்டும் பிறந்த மண்ணை விட்டு வெளி மாநிலங்களில் குடியேறி வாழும் நம் குடும்பங்களில், குழந்தைகளின் கல்வியைப் பற்றிய அக்கறைக்குக் குறைவில்லை. எந்தப் பள்ளியில் இடம் கிடைக்கும், தமிழ் கற்க வழியுண்டா, கணக்கில் எத்தனை மதிப்பெண் என்றெல்லாம் ஓயாமல் விசாரிக்கிறோம். ஆனால், "இன்று இடைவேளையில் யாருடன் இருந்தாய்?" என்று கேட்கும் பெற்றோர் சிலரே. குழந்தைக்கோ அன்றைய தினத்தின் தலையாய விஷயம் அதுவேயாகும்.

மாற்றலுக்கு உட்பட்ட மத்திய அரசு ஊழியர்களின் குழந்தைகள் ஊர்விட்டு ஊர் செல்லும்போது படிப்பு தடைப்படலாகாது என்று கருதி 1963-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற பள்ளிகளே இன்றைய கேந்திரிய வித்தியாலயங்கள். கோயம்புத்தூரில் விட்ட பாடத்தைக் கரக்பூரில் தொடரலாம். புத்தகம் மாறுவதில்லை, சீருடையும் மாறுவதில்லை. ஆயினும், தோழமைக்கு மாற்றுச் சான்றிதழ் எழுதித் தருவார் எவருமில்லை. நாம் மாற்றலாகிப் போகாவிடினும் தோழனின் தந்தை மாற்றலாகிப் போகிறார். அதுவும் இல்லையெனில், புதிய கல்வியாண்டில் வகுப்பைக் கலைத்துப் பிரிவுகளை மாற்றி அமைக்கிறார்கள். நேற்றுவரை ஒரே பலகையில் அமர்ந்தவர்கள் இன்று வெவ்வேறு அறைகளில் இருக்கிறார்கள்.

சிறு குழந்தைகளின் பிணக்குக்கு ஓர் ஒழுங்கு உண்டு. நம் ஊரில் விரலைக் காட்டிக் 'காய்' விடுவதும், பின்னர்ப் 'பழம்' விட்டுச் சேர்ந்துகொள்வதும் யாவரும் அறிந்ததே. மும்பையில் வளரும் நம் குழந்தைகள் அதனையே 'கட்டி' என்றும் 'பட்டி' என்றும் சொல்வர். மொழி வேறாயினும் வழக்கம் ஒன்றே. இவ்வழக்கத்தில் ஒரு பெரிய நன்மை அடங்கியிருக்கிறது. சண்டை வெளிப்படையாக அறிவிக்கப்படுகிறது. காரணம் இருவருக்கும் தெரியும். திரும்பி வருவதற்கான வாயிலும் திறந்தே இருக்கிறது.

ஒன்பது, பத்து வயதுக்குப் பின் நிலைமை மாறுகிறது. அப்பொழுது காய் விடுவார் இல்லை. தோழி ஒருநாள் வேறொரு பலகையில் போய் அமர்கிறாள், அவ்வளவுதான். கோபமா, மறதியா, புதியவர்மேல் ஏற்பட்ட ஆசையா என்பது அவளுக்கே தெளிவாகத் தெரியாது. சண்டை நடந்திருந்தால் சமாதானம் செய்துகொள்ளலாம். நடவாத சண்டைக்குப் பழம் விடுவது எங்ஙனம்?

அந்த வயதுச் சிநேகத்தின் ஆழத்தையும் நாம் உணரவேண்டும். ஹாரி ஸ்டாக் சல்லிவன் என்ற அமெரிக்க மனநல மருத்துவரின் சொற்பொழிவுகள், அவர் காலமான பின் 1953-இல் நூலாக வெளிவந்தன. பிறிதோர் உயிரின் நலத்தைத் தன் நலத்துக்கு நிகராக எண்ணக் குழந்தை முதன்முதலில் பழகுவது இப்பருவத்து நெருங்கிய தோழமையிலேதான் என்பது அவர் கருத்து. அத்தகைய உறவு தளரும்போது குழந்தை வாடுவதில் வியப்பென்ன?

இயல்பாகவே அச்சம் மிகுந்த குழந்தைக்கு இந்தத் துன்பம் இரட்டிப்பாகிறது. அது தோழியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும். அவள் கொட்டாவி விட்டால்கூடத் தன்மீது வெறுப்பென்று கொள்ளும். "என்மேல் கோபமா?" என்று பத்து முறை கேட்கும். கேட்கக் கேட்கத் தோழிக்குச் சலிப்பு உண்டாகும். அஞ்சிய விலகல் அந்த அச்சத்தாலேயே விரைந்து வந்து சேரும். வெளி மாநிலத்தில் வளரும் நம் குழந்தைக்குக் காரணம் கண்டுபிடிப்பதும் எளிது. "என் இந்தி சரியில்லை", "என் டப்பாவில் தயிர்சாதம்", "நான் கறுப்பு" என்று பழியைத் தன்மீதே சுமத்திக்கொள்ளும். வாயால் சொல்லாததை உடம்பு சொல்லும். பள்ளி நாட்களில் காலை வேளையில் வயிற்றுவலி, ஞாயிற்றுக்கிழமை ஒன்றுமில்லை. இதனைப் பாசாங்கென்று கடிந்துகொள்ளலாகாது. அச்சம் வயிற்றை உண்மையாகவே கலக்கும்.

எங்கள் ரயில்வே குடியிருப்பில் நிகழ்ந்த ஒன்றைச் சொல்கிறேன். ஆறாம் வகுப்பில் ஒரு சிறுமி. முதல் வகுப்பிலிருந்து உடன் படித்த தோழி, ஏப்ரலில் வேறு பிரிவுக்குப் போய்விட்டாள். சில நாட்கள் இருவரும் இடைவேளையில் கூடினார்கள். கோடை விடுமுறை முடிந்ததும் அவளைச் சுற்றிப் புதுக் கூட்டம் சேர்ந்துவிட்டது. இவளுக்குத் திங்கட்கிழமைதோறும் வயிற்றுவலி. வைத்தியர் சோதித்து, உடம்பில் குறையொன்றும் இல்லை என்றார். பழைய தோழி இருக்கும் பிரிவுக்கே மகளை மாற்றக் கோரித் தலைமையாசிரியருக்கு மனு எழுத ஆயத்தமானார் தந்தை. "அந்தப் பெண்ணை இங்கே கூப்பிடு, நான் நாலு வார்த்தை கேட்கிறேன்" என்றார் பாட்டி. தாயார் இரண்டுக்கும் இசையவில்லை. இரவில் பாத்திரம் துலக்கும் நேரத்தில் மகளை அருகில் இருத்திக்கொண்டு, குறுக்குக் கேள்வி கேளாமல் அவள் சொன்னதைக் கேட்டார். மறுவாரம் வகுப்பாசிரியையைத் தனியே கண்டு பேசினார். அந்த ஆசிரியை விவேகி. வகுப்புக்கு நூலகப் புத்தகங்களைக் கொண்டுவரும் பொறுப்பை இவளிடமும், ஒடிசாவிலிருந்து புதிதாக வந்திருந்த மற்றொரு சிறுமியிடமும் ஒப்படைத்தார். இருவருக்குமே இந்தி தட்டுத்தடுமாற்றம். ஆகவே ஒருவரைக் கண்டு ஒருவர் கூசவில்லை. ஒரு சனிக்கிழமை மாலை அந்தச் சிறுமி இவர்கள் வீட்டுக்கு வந்து ஒரு மணி நேரம் கேரம் ஆடிவிட்டுப் போனாள்.

பழைய தோழமை பழையபடி திரும்பவில்லை. வழியில் கண்டால் இருவரும் சிரிக்கிறார்கள், அதற்குமேல் இல்லை. இவளுடைய அச்சமும் அடியோடு நீங்கிவிடவில்லை. பரீட்சைக் காலத்தில் வயிற்றுவலி இன்றும் எட்டிப் பார்க்கிறது. ஆனால் பள்ளிக்குப் போக மறுப்பதில்லை. அந்தத் தாயார் மகளுக்குத் தோழியை மீட்டுத் தர முயலவில்லை. மகள் தன் காலால் அடுத்த அடியை எடுத்து வைக்கும்வரை உடன் நின்றார். பெற்றோரால் ஆகக்கூடிய காரியம் அதுவே என்று எனக்குத் தோன்றுகிறது.

இதிலிருந்து நாம் மேற்கொள்ளத்தக்கவை சில உண்டு. "இதெல்லாம் ஒரு விஷயமா?" என்று குழந்தையின் வாயை அடைக்கவேண்டாம். அந்தத் தோழியை இகழவும் வேண்டாம். நாளையே இருவரும் சேர்ந்துகொண்டால் நம் சொல் நடுவில் முள்ளாக நிற்கும். அச்சத்துக்கு இடங்கொடுத்து வீட்டிலேயே நிறுத்திக்கொள்ளவும் வேண்டாம். ஒருநாள் தவிர்த்தால் மறுநாள் பள்ளி வாயில் இன்னும் பெரிதாகத் தோன்றும். பத்துப் பேரை அழைத்து விருந்து வைப்பதைக் காட்டிலும் ஒரு குழந்தையை ஒரு மணி நேரத்துக்கு அழைப்பது மேல். மற்றொன்று நம்மவர்க்கே உரியது. "நானும் விளையாட வரலாமா?" என்பதைத் தமிழில் அறிந்த குழந்தை, இந்தியிலோ வங்காளியிலோ அதைச் சொல்லத் தெரியாமல் சுவரோரம் நிற்கும். அந்த ஒரு வாக்கியத்தை வீட்டிலேயே பலமுறை சொல்லிப் பழக்கலாம்.

ஆனால் சிநேகம் மாறுவது வேறு, கொடுமை வேறு. நிறத்தையும் பேச்சையும் உணவையும் சொல்லி நாள்தோறும் எள்ளுவதும், கூட்டமாகச் சேர்ந்து ஒருவரை ஒதுக்குவதும், கைபேசிக் குழுவில் இழித்து எழுதுவதும் குழந்தை தானே தீர்த்துக்கொள்ளக் கூடியவை அல்ல. அங்கே பெரியவர்கள் தாமதியாமல் பள்ளிக்குச் சென்று பேசவேண்டும். உறக்கமும் உணவும் வாரக்கணக்கில் குன்றி, பள்ளி என்றாலே குழந்தை நடுங்குமாயின் மருத்துவ ஆலோசனை அவசியம். மத்திய அரசு 2022-இல் தொடங்கிய 'டெலி மானஸ்' என்ற தொலைபேசிச் சேவையை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி அழைக்கலாம். தமிழிலும் பேசலாம் என்பது அயலூரில் வாழும் நமக்குப் பேருதவி.

வள்ளுவர் நட்பைப் பற்றி ஓர் அதிகாரத்தோடு நிறுத்தவில்லை. நட்பு, நட்பாராய்தல், பழைமை, தீ நட்பு, கூடாநட்பு என ஐந்து அதிகாரங்கள், ஐம்பது குறட்பாக்கள் வகுத்திருக்கிறார். முதிர்ந்தோர்க்கே இத்தனை பாடம் வேண்டியிருக்கையில், பத்து வயதுப் பிள்ளை தடுமாறுவது குற்றமாகாது.

இறுதியாக நம் சங்கத்து அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். பள்ளியில் உள்ள ஒரே தோழமையை நம்பியிருக்கும் குழந்தைக்கு, அது தளர்ந்தால் உலகமே தளர்ந்துவிடும். மற்றொரு வட்டம் இருந்தால் தாங்கிக்கொள்ளும். ஞாயிறு தமிழ் வகுப்புக்கும் பொங்கல் விழா ஒத்திகைக்கும் குழந்தைகளைத் தவறாது அழைத்து வாருங்கள். அங்கே தனியாக நிற்கும் பிள்ளையைக் கண்டால், உங்கள் பிள்ளையை அதன் அருகில் அனுப்புங்கள்.