ஒரே அறைக்கு எதற்கு 70 எம்.எம்.?

குவென்டின் டரான்டினோவின் ‘தி ஹேட்ஃபுல் எயிட்’ 2015 டிசம்பரில் வெளியானபோது சினிமா ரசிகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து மோதிக்கொண்டார்கள். மோதல் இன்னும் ஓயவில்லை. முதல் குற்றச்சாட்டு திரையின் அகலத்தைப் பற்றியது. ‘பென்-ஹர்’ தேர்ப் பந்தயத்தைப் படம்பிடித்த வகை லென்ஸ்கள், 1966-ல் ‘கார்ட்டூம்’ படத்தோடு வழக்கொழிந்துபோன அல்ட்ரா பானாவிஷன் 70 வடிவம். இவற்றையெல்லாம் தூசி தட்டி எடுத்துவந்த மனிதர், படத்தின் பெரும்பகுதியை ஒரு கடைக்குள் உட்கார்ந்து பேசுகிறவர்களை எடுப்பதில் செலவிட்டால் கேள்வி வராதா? வெட்டி ஆடம்பரம் என்றார்கள்.

என்னைக் கேட்டால், படத்தின் ஆகப்பெரிய பலமே அந்த அகலம்தான். குறை வேறு இடத்தில் இருக்கிறது. அந்த அகலத்தைக் கடைசிவரை நம்பும் துணிச்சல் டரான்டினோவுக்கு இல்லாமல் போய்விட்டது.

கதை எளிமையானது. அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்து சில ஆண்டுகள் ஆகியிருக்கின்றன. வயோமிங் மலைப்பாதையில் பனிப்புயல் துரத்த ஒரு குதிரை வண்டி ஓடுகிறது. உள்ளே ஜான் ரூத் என்ற வெகுமதி வேட்டைக்காரன். தலைக்கு 10,000 டாலர் விலை வைக்கப்பட்ட டெய்ஸி டோமர்கூவைத் தன் கையோடு விலங்கிட்டு, தூக்கில் போடுவதற்காக ரெட் ராக் ஊருக்குக் கொண்டுபோகிறான். வழியில் இருவர் ஏறிக்கொள்கிறார்கள். ஒருவன் வடக்குப் படையில் போரிட்ட கறுப்பின மேஜர் வாரன். மற்றவன் தெற்கத்தியக் கொள்ளைப்படைத் தலைவன் ஒருவனின் மகன் மேனிக்ஸ். எல்லோரும் ஒதுங்கும் மின்னியின் கடையில் ஏற்கெனவே நான்கு பேர் குளிர் காய்ந்துகொண்டிருக்கிறார்கள். அவர்களில் எவன் பொய் சொல்கிறான்?

உயரத்தைப் போல 2.76 மடங்கு அகலம் கொண்ட சட்டகத்தில் ஒளிந்துகொள்ள மூலையே கிடையாது. இடது ஓரத்தில் ரூத் சூப் குடித்துக்கொண்டே மிரட்டிக்கொண்டிருப்பான். வலது ஓரத்தில் ஒருவன் வாய் திறக்காமல் எதையோ எழுதிக்கொண்டிருப்பான். ஒளிப்பதிவாளர் ராபர்ட் ரிச்சர்ட்சன் இருவரையும் சேர்த்தே காட்டுகிறார். யாரைக் கவனிப்பது என்பது நம் பொறுப்பு. இத்தனை பெரிய திரையில் வாரனுக்குக் கிடைக்கும் துப்பு என்ன தெரியுமா? தரைப்பலகை இடுக்கில் சிக்கிய ஒரே ஒரு ஜெல்லி மிட்டாய்.

இந்தப் பாணி உச்சத்தைத் தொடுவது தெற்குப் படையின் முதிய தளபதி ஸ்மிதர்ஸை வாரன் சீண்டும் காட்சியில். தளபதியின் பக்கத்தில் ஒரு துப்பாக்கியை வைத்துவிட்டு, அவருடைய மகனை எப்படிக் கொன்றேன் என்று நிதானமாக விவரிக்கிறான். பின்னால் ஒருவன் பியானோவில் கிறிஸ்துமஸ் பாடல் ஒன்றைத் தட்டுத்தடுமாறி வாசிக்கிறான். வாரன் சொல்வதைப் படம் காட்சியாகவே காட்டுகிறது. ஆனால் சற்றுமுன்புதான், தனக்கு லிங்கன் எழுதியதாக அவன் பத்திரப்படுத்தியிருந்த கடிதம் போலி என்று நமக்குத் தெரியவந்தது. அப்படியானால் இது மட்டும் உண்மையா? கிழவரின் கை துப்பாக்கியை நோக்கி நகர்கிறது. சாமுவேல் எல். ஜாக்சனும் புரூஸ் டெர்னும் இதில் கொடுத்திருப்பது அபாரமான நடிப்பு.

தளபதி சுடப்பட்டதும் இடைவேளை. அதன் பிறகு டரான்டினோ சறுக்குகிறார். திடீரென்று அவருடைய சொந்தக் குரலே கேட்கிறது. பதினைந்து நிமிடம் கழிந்துவிட்டதாம், காபியில் யாரோ விஷம் கலந்துவிட்டானாம், டெய்ஸி மட்டும் பார்த்தாளாம். முன்கூட்டியே சொன்னால்தான் பதற்றம் கூடும், ஹிட்ச்காக் வழி அதுதான் என்று ரசிகர்கள் வாதிடுகிறார்கள். சொல்லட்டும், ஆனால் காட்சியாகச் சொல்லியிருக்கலாமே! எல்லோரையும் ஒரே சட்டகத்தில் வைத்திருக்கும் இயக்குநர், விஷம் கலக்கும் கையை நாமே கண்டுபிடிக்க விட்டிருந்தால் இந்தப் படத்தின் தரமே வேறு. இடைவேளை இல்லாத பதிப்பில் அந்தக் குரல் இன்னும் துருத்திக்கொண்டு நிற்கிறது. அடுத்து அன்றைய காலைக்குத் திரும்பும் அத்தியாயமும் நீளம்தான். ஆனாலும் அது வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனமில்லை. கொல்லப்பட்ட மின்னிக்கும் அவளுடைய ஆட்களுக்கும் முகம் கிடைப்பது அங்கேதான்.

என்னியோ மோரிகோனியின் இசை பற்றி யாருக்கும் சண்டை இல்லை. அவருக்குப் போட்டிப் பிரிவில் முதல் ஆஸ்கரை 2016-ல் வாங்கித் தந்த படம் இது. ‘தி திங்’ படத்துக்காக எழுதி, அதில் பயன்படாமல் போன சில பகுதிகளும் இதில் இடம்பெற்றன. பனியும் சந்தேகமும் சூழ்ந்த அந்தப் படத்தின் நாயகனும் இதில் ரூத்தாக நடித்த கர்ட் ரஸ்ஸல்தான்.

இரண்டாவது சண்டை டெய்ஸியைப் பற்றியது. ரூத் அவளை முழங்கையால் இடிக்கிறான், துப்பாக்கியால் அடிக்கிறான். அந்த அடி நகைச்சுவையின் தாளத்தில் விழும்படி படம் தொகுக்கப்பட்டிருக்கிறது. அவள் கொலைகாரி, ஆண் கைதியாக இருந்தாலும் அதே அடிதான் என்கிறார்கள் ஆதரவாளர்கள். அவள் செய்த குற்றங்களைப் படம் விரித்துச் சொல்வதே இல்லை. அவள் மீதான அடிகளை மட்டும் விரிவாகக் காட்டுகிறது.

கடைசியில் வாரனும் மேனிக்ஸும் சேர்ந்து அவளைத் தூக்கில் தொங்கவிடுகிறார்கள். பகையாளிகளான கறுப்பனும் வெள்ளையனும் ஒரு பெண்ணின் கழுத்தில் கயிறு மாட்டும்போதுதான் ஒன்றுசேர்கிறார்கள், அதுதான் படம் காட்டும் அமெரிக்கா என்பது ஒரு வாசிப்பு. நல்ல வாசிப்பு. அதற்கான அளவுகோலையும் படமே முன்னால் கொடுத்திருக்கிறது. உணர்ச்சிவசப்படாமல் கயிற்றை இழுப்பதுதான் நீதி, வெறியோடு இழுத்தால் அது பழிவாங்கல் என்று கடையில் இருந்த நால்வரில் ஒருவனான, டிம் ராத் நடித்த மோப்ரே விளக்கியிருப்பான். அந்த அளவுகோலில் இறுதிக் காட்சி தோற்றுப்போகிறது என்பது டரான்டினோவுக்குத் தெரியாமல் இருக்காது. தெரிந்தும், வாரனும் மேனிக்ஸும் ரசித்துச் சிரிக்கும்போது கேமராவும் அவர்களோடு சேர்ந்து ரசிக்கிறது. எனக்கு உறுத்துவது அதுதான்.

ஜெனிஃபர் ஜேசன் லீ இந்த வேடத்துக்கு ஆஸ்கர் பரிந்துரை பெற்றார். வீங்கிய கண்ணையும் அரைச் சிரிப்பையும் வைத்துக்கொண்டே ஒரு முழு மனுஷியை உருவாக்கியவர். கிடாரை வாங்கி டெய்ஸி பாடும் காட்சியில் அவள் பின்னால் காபிப் பாத்திரமும் தெளிவாகத் தெரியும். பாட்டு முடிந்ததும் ரூத் கிடாரைப் பிடுங்கி அடித்து நொறுக்குகிறான். நொறுங்கியது 1870-களில் செய்யப்பட்ட அசல் மார்ட்டின் கிடார், மாற்றி வைத்திருக்கவேண்டிய நகல் அல்ல. லீ அலறுவது உண்மையான பதற்றத்தில். மற்ற எல்லோருக்கும் பக்கம் பக்கமாகப் பேச்சு எழுதிய டரான்டினோ, அந்த ஒரு பாட்டுக்கு மேல் டெய்ஸிக்கென்று அதிகம் எழுதாமல் விட்டது பெரும் பிழை என்றே சொல்வேன்.