நெடுஞ்சாலைக் கணக்கு – 7: எந்த இரவுக்குப் பாயின்ட், எந்த இரவுக்குப் பணம்?

அமெரிக்காவின் உட்டா மாநிலத்தில் உள்ள ஸ்பிரிங்டேல் சிற்றூர். இருபுறமும் செம்பாறை மலைகள், நடுவே ஒரே ஒரு பிரதான சாலை, அதை ஒட்டி நீண்டு கிடக்கும் ஊர். சயான் தேசியப் பூங்காவின் தெற்கு வாசல் இந்த ஊரின் விளிம்பில்தான் இருக்கிறது. பூங்காவைப் பார்க்க ஆண்டுக்கு 45 லட்சம் பேருக்கு மேல் வருகிறார்கள். ஊரில் குடியிருப்பவர்களோ சில நூறு பேர்தான். மலைக்கும் ஆற்றுக்கும் இடையில் புதிதாக ஹோட்டல் கட்ட இடமும் அதிகமில்லை. அதனால் வசந்த காலம் தொடங்கிவிட்டால் அறை வாடகை ஏறிவிடுகிறது. அங்கிருந்து மேற்கே சுமார் ஒரு மணி நேரம் காரில் போனால் செயின்ட் ஜார்ஜ் நகரம். அதே கம்பெனியின் அதே தரத்து அறை அங்கே பெரும்பாலான நாட்களில் கணிசமாகக் குறைந்த விலைக்குக் கிடைக்கும்.

ஒரே ஹோட்டல் சங்கிலியில் தங்கத் தங்கக் கணக்கில் சேர்வதும், பிறகு வாடகைப் பணத்துக்குப் பதிலாகக் கொடுக்கக்கூடியதும்தான் ஹோட்டல் பாயின்ட். சிக்கனமாக ஊர்சுற்றக் கிளம்பும் ஒரு குடும்பத்திடம் இரண்டு இரவுக்குப் போதுமான பாயின்ட் இருக்கிறது என்றால், அந்த இரண்டு இரவு எவை? இந்த வாரக் கணக்கு முழுவதும் இந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது.

சாலைப் பயணத்துக்கும் சிக்கனத்துக்கும் உள்ள உறவு, ஹோட்டல் சங்கிலிகள் பிறந்த நாளிலிருந்தே தொடங்குகிறது. 1951-ல் மெம்பிஸ் நகர வீடு கட்டும் தொழிலதிபர் கெமன்ஸ் வில்சன், மனைவியையும் ஐந்து பிள்ளைகளையும் காரில் ஏற்றிக்கொண்டு தலைநகர் வாஷிங்டனுக்குப் போனார். வழியில் இருந்த மோட்டல்கள் அறை வாடகையோடு ஒவ்வொரு பிள்ளைக்கும் 2 டாலர் கூடுதலாக வசூலித்தன. கொதித்துப்போன வில்சன், பிள்ளைகளுக்குத் தனிக் கட்டணம் இல்லாத, எங்கே போனாலும் ஒரே தரத்தில் இருக்கும் விடுதிகளைத் தானே கட்டுவது என்று முடிவெடுத்தார். 1952-ல் மெம்பிஸின் சம்மர் அவென்யூவில் முதல் ஹாலிடே இன் திறக்கப்பட்டது. அதே ஹாலிடே இன்தான் 1983-ல் வாடிக்கையாளர்களுக்குப் பாயின்ட் கொடுக்கும் திட்டத்தையும் தொடங்கியது. இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே, 1981-ல், அமெரிக்கன் ஏர்லைன்ஸ் விமானப் பயணிகளுக்கு மைல் கணக்கு ஆரம்பித்திருந்தது. ஹோட்டல்காரர்கள் அந்த வழியைப் பின்பற்றினார்கள். மேரியட்டும் அதே 1983-ல் இறங்கியது, ஹில்டன் 1987-ல்.

பாயின்ட்டின் மதிப்பைக் கண்டுபிடிக்க ஒரு வகுத்தல் போதும். வரியும் கட்டாயக் கட்டணங்களும் சேர்ந்த முழு வாடகையை எடுத்துக்கொண்டு, அந்த அறைக்குக் கேட்கப்படும் பாயின்ட்டால் வகுக்க வேண்டும். அமெரிக்காவில் பாயின்ட் கொடுத்துத் தங்கும் இரவுக்குப் பொதுவாக ஹோட்டல் வரி விழுவதில்லை. லாஸ் வேகாஸ் ஸ்ட்ரிப் போன்ற இடத்தில் அந்த வரி மட்டுமே 13 சதவீதத்துக்கு மேல். எனவே வரியை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டால் விடை தவறாகிவிடும்.

ஓர் உதாரணம். விண்டம் சங்கிலியில் சூப்பர் 8, டேஸ் இன், லா கின்டா போன்ற பெயர்கள் அடங்கும். அமெரிக்க நெடுஞ்சாலையில் இவற்றின் பலகையைப் பார்க்காமல் ஒரு நாள் ஓட்டுவது கடினம். 2019 முதல் இந்தச் சங்கிலி ஓர் இரவுக்கு 7,500, 15,000, 30,000 என்று மூன்று படிகளில் பாயின்ட் கேட்கிறது. ஒரு மோட்டல் எந்தப் படியில் இருக்கிறதோ, அதே பாயின்ட்தான் சாதாரணச் செவ்வாய்க்கிழமைக்கும் திருவிழாச் சனிக்கிழமைக்கும். 15,000 படியில் உள்ள ஒரு மோட்டலின் வாடகை, வரியோடு 75 டாலர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பாயின்ட்டுக்கு அரை சென்ட் கிடைக்கிறது. அதே படியில் உள்ள இன்னொரு மோட்டல், கோடையில் பூங்கா வாசலில், வரியோடு 195 டாலர் கேட்கிறது என்றால், பாயின்ட்டின் மதிப்பு 1.3 சென்ட். கையில் இருப்பது அதே 15,000தான். தங்கும் ஊர் மாறியதும் அது இரண்டரை மடங்குக்கு மேல் உழைக்கிறது.

மலிவான இரவுக்குப் பணம் கொடுப்பதில் இன்னொரு லாபமும் உண்டு. விண்டம் திட்டத்தில் டாலருக்கு 10 பாயின்ட், அல்லது ஒரு தங்கலுக்குக் குறைந்தது 1,000 பாயின்ட், இரண்டில் எது அதிகமோ அது கிடைக்கும். 50 டாலர் மோட்டலில் ஓர் இரவு படுத்து எழுந்தாலும் 1,000 பாயின்ட். தினமும் ஊர் மாறும் சாலைப் பயணிக்கு ஒவ்வோர் இரவும் தனித் தங்கல் என்பதால் இந்த விதி அவருக்கென்றே எழுதப்பட்டதுபோல் இருக்கிறது. எட்டு மலிவு இரவுகள் சேர்ந்தால் முதல் படியில் ஓர் இலவச இரவு.

இதை ஒரு வழித்தடத்தில் வைத்துப் பார்க்கலாம். லாஸ் ஏஞ்சல்ஸில் கிளம்பி, லாஸ் வேகாஸ், ஸ்பிரிங்டேல், பேஜ், கிராண்ட் கேன்யன், கிங்மேன் வழியாகத் திரும்பும் சுற்று. லாஸ் வேகாஸ் சுமார் 435 கிலோமீட்டர். அங்கே வாரநாளில் அறை மலிவு, வெள்ளி சனியில் ஏறும். ஆகவே திங்களோ செவ்வாயோ போய்ச் சேரும்படி திட்டமிட்டுப் பணம் கொடுப்பதே சரி. ஸ்பிரிங்டேலில் பாயின்ட்டை எடுக்கலாம். ஹில்டன், மேரியட், ஹாலிடே இன் எக்ஸ்பிரஸ், லா கின்டா எல்லாமே அந்தச் சின்ன ஊரில் கடை விரித்திருக்கின்றன. பாவெல் ஏரிக்கரையில் உள்ள பேஜ் ஊருக்கு ஆன்டிலோப் கேன்யன் பார்க்கக் கூட்டம் வரும். அன்றைய வாடகையைப் பார்த்து முடிவு செய்யலாம். கிராண்ட் கேன்யனின் தென்விளிம்பிலேயே தங்க ஆசைப்படுபவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: 1905-ல் திறந்த எல் டோவர் உட்படப் பூங்காவுக்குள் இருக்கும் விடுதிகளில் இந்தச் சங்கிலிகளின் பாயின்ட் செல்லாது. வாசலுக்கு வெளியே உள்ள டுசாயானில் விலை கடுமை, அங்கே பாயின்ட்டுக்கு மதிப்பு அதிகம். சுமார் 130 கிலோமீட்டர் தள்ளிப் பிளாக்ஸ்டாஃபில் தங்கினால் தேர்வு செய்ய நிறைய இடம் உண்டு. திரும்பும் வழியில் கிங்மேன் பழைய 66-ஆம் எண் நெடுஞ்சாலையின் ஊர். மோட்டல்கள் வரிசையாக நிற்கும் அந்த ஊரில் பாயின்ட்டைத் தொடவே கூடாது.

லாஸ் வேகாஸில் இன்னொரு பொறி உண்டு. ‘ரிசார்ட் ஃபீ’ என்ற பெயரில், நீச்சல் குளத்தைப் பார்க்காதவரிடமும் தினமும் ஒரு தொகை வசூலிக்கிறார்கள். 2025 மே 12 முதல் அமெரிக்க அரசின் விதிப்படி இதையும் சேர்த்த மொத்த விலையை முதலிலேயே காட்ட வேண்டும். ஆனால் வசூலிப்பதற்குத் தடை இல்லை. முழுவதும் பாயின்ட்டில் தங்குபவரிடம் ஹில்டனும் ஹயாத்தும் இந்தக் கட்டணத்தை வாங்குவதில்லை. மேரியட்டில் அந்தச் சலுகை கிடையாது. ‘இலவசம்’ என்று நினைத்துப் போன குடும்பம் கணக்கு முடிக்கும்போது கார்டை நீட்ட வேண்டிவரும். இது நியாயமற்ற வழக்கம். அறையை இலவசம் என்று விளம்பரப்படுத்திவிட்டு, வாசலில் கட்டணம் கேட்பதை எந்தப் பெயரிட்டும் நியாயப்படுத்த முடியாது.

மோட்டல்காரர் பக்கமும் ஒரு பார்வை தேவை. பலகையில் பெரிய கம்பெனியின் பெயர் இருந்தாலும் கட்டடம் பெரும்பாலும் தனி முதலாளியுடையது. அமெரிக்க ஹோட்டல்களில் சுமார் 60 சதவீதம் தங்கள் உறுப்பினர்கள் கையில் இருப்பதாக ஆசிய அமெரிக்க ஹோட்டல் உரிமையாளர் சங்கம் சொல்கிறது; அவர்களில் குஜராத்திலிருந்து போன படேல் குடும்பங்கள் ஏராளம். விருந்தினர் பாயின்ட்டில் தங்கினால் கம்பெனி அந்த முதலாளிக்கு ஈட்டுத்தொகை கொடுக்கும். விடுதி ஏறக்குறைய நிரம்பிய இரவில் அதிகம், மற்ற இரவில் குறைவு என்பது பல சங்கிலிகளின் நடைமுறை. பாயின்ட்டில் கொடுக்கக்கூடிய சாதாரண அறைகள் எண்ணிக்கையில் குறைவாகவே இருப்பதால், கோடைப் பயணத்துக்குக் குளிர்காலத்திலேயே பதிவு செய்துவிடுவது நல்லது. பெரும்பாலான பாயின்ட் பதிவுகளைக் கெடுவுக்குள் ரத்து செய்தால் பாயின்ட் முழுவதும் கணக்குக்குத் திரும்பிவிடும்.

ஐந்தாவது இரவு இலவசம் என்று மேரியட் பாயின்ட் பதிவுகளில் ஒரு சலுகை தருகிறது. ஹில்டனில் அது சில்வர் தகுதியும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு. ஒரே ஊரில் தங்குபவருக்குப் பொன்னான சலுகை. இரண்டு நாளுக்கு ஒருமுறை ஊர் மாறுகிறவர் இதற்காகத் திட்டத்தை வளைக்க வேண்டியதில்லை.

சேர்த்துவைத்துக்கொண்டே இருப்பதுதான் பெரிய நஷ்டம். எத்தனை பாயின்ட்டுக்கு எந்த அறை என்ற நிலையான பட்டியலை ஹில்டன் 2017-லும் மேரியட் 2022-லும் கைவிட்டன. அதற்குப் பிறகு விலையைக் கம்பெனி நினைத்தபோது உயர்த்தலாம். கணக்கில் எந்த அசைவும் இல்லாவிட்டால் மேரியட், ஹில்டன், ஹயாத் மூன்றிலும் 24 மாதத்தில் பாயின்ட் காலாவதியாகும். விண்டத்தில் 18 மாதம்; அசைவு இருந்தாலும் சம்பாதித்த நாளிலிருந்து நான்கு ஆண்டுதான் ஆயுள். வங்கிச் சேமிப்புக்கு வட்டி வரும், பாயின்ட்டுக்கு வராது.

உறுப்பினராகச் சேர எந்தக் கட்டணமும் இல்லை, அமெரிக்க முகவரியும் தேவையில்லை. பிள்ளைகளைப் பார்க்கச் சென்னையிலிருந்தும் மதுரையிலிருந்தும் போகும் பெற்றோரும் சேரலாம். ஹில்டனில் பத்துப் பேர்வரை தங்கள் பாயின்ட்டை ஒருவரோடு இலவசமாகச் சேர்த்துக்கொள்ளலாம் என்பதால், அப்பா கணக்கில் கொஞ்சம், மகள் கணக்கில் கொஞ்சம் என்று சிதறிக் கிடப்பவை ஓர் இரவாக மாறும். எக்ஸ்பீடியா போன்ற இடைத்தரகு தளங்களில் பதிவு செய்த அறைக்குப் பொதுவாகப் பாயின்ட் வராது. ஹோட்டலின் சொந்தத் தளத்திலோ செயலியிலோ பதிவு செய்ய வேண்டும். கடன் அட்டையில் குவியும் போனஸ் பாயின்ட்டுக்கு ஆசைப்பட்டு மாதக் கடைசியில் பாக்கி வைப்பவர் மட்டும் இந்த ஆட்டத்துக்குள் வரவே வேண்டாம். 20 சதவீதத்தைத் தாண்டும் வட்டிக்கு முன் எந்த இலவச இரவும் நிற்காது.

தேதி முடிவானதும் வழித்தடத்தின் எல்லா இரவுகளுக்கும் வரியோடு வாடகையை ஒரு தாளில் எழுதுங்கள். அதில் மிக உயர்ந்த தொகை எந்த ஊருக்கு எதிரே இருக்கிறதோ, அந்த ஊரின் அறையை இன்றே பாயின்ட்டில் பிடித்துவிடுங்கள். மற்றவற்றுக்குப் பணம் கொடுக்கலாம்.