திருகு சுற்றுகிறது, வோல்ட் அசையவில்லை

சென்னை ரிச்சி தெருவில் எல்.எம்.2596 மாட்யூல் கேட்டால், தீப்பெட்டியைவிடச் சிறிய போர்டு ஒன்றை எடுத்துக் கொடுப்பார்கள். 12 வோல்ட்டை 5 ஆகவோ 3.3 ஆகவோ குறைக்க எலக்ட்ரானிக்ஸ் ஆர்வலர்கள் முதலில் தேடுவது இதைத்தான். வாங்கியவர்கள் சொல்லும் முதல் புகாரும் ஏறக்குறைய ஒன்றே: பித்தளைத் திருகை எவ்வளவு திருப்பினாலும் மல்டிமீட்டரில் எண் மாறுவதில்லை. போர்டு போய்விட்டது என்று தூக்கிப் போடுகிறவர்களும் உண்டு. பெரும்பாலும் போர்டு நன்றாகத்தான் இருக்கும். கோளாறு அதிலுள்ள ரெசிஸ்டர் கணக்கில்.

இந்த ஐ.சி. தன் ஃபீட்பேக் காலில் எப்போதும் 1.23 வோல்ட் இருக்கும்படி வெளியீட்டை ஏற்றி இறக்குகிறது. வெளியீட்டுக்கும் அந்தக் காலுக்கும் நடுவே திருகுள்ள 10 கிலோ ஓம் பிரீசெட்; காலுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே, பெரும்பாலான போர்டுகளில், 330 ஓம். மேல் தடையைக் கீழ்த் தடையால் வகுத்து, ஒன்று கூட்டி, 1.23-ஆல் பெருக்கினால் வெளியீடு வந்துவிடும். பிரீசெட் முழுதாக 10 கிலோ ஓமில் இருந்தால் விடை 38 வோல்ட்டைத் தாண்டும். உள்ளே கொடுப்பதோ 12 வோல்ட். சுமார் 11-க்கு மேல் அது ஏறப்போவதில்லை. அந்த 11-க்கு 2,600 ஓம் போதும், 5 வோல்ட்டுக்கு 1,000 சொச்சம். ஆக, 25 சுற்றுத் திருகில் கடைசி ஆறேழு சுற்றுக்குத்தான் வேலை. திருகு நடுவில் நிற்கும் போர்டு கைக்கு வந்தால், முதல் ஆறு சுற்றுக்கு எதுவும் நடக்காது. வேலை செய்யும் பகுதியிலும் ஒரு சுற்றுக்கு ஒன்றரை வோல்ட் தாவும்.

இதைக் கவனிக்காமல் பிரீசெட்டைக் கழற்றிவிட்டுப் பெட்டியின் முகப்பில் வால்யூம் கன்ட்ரோல் வைப்பவர்கள் இன்னும் சிரமப்படுவார்கள். 270 பாகை சுழலும் குமிழில் 5 வோல்ட் 27-ஆம் பாகையிலேயே வந்துவிடும். விரல் பட்டாலே வோல்டேஜ் எகிறும்.

முதலில் மாற்ற வேண்டியது அந்த 330 ஓமை. '331' என்று பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கும் சிறு ரெசிஸ்டர் அது. மின்சாரத்தைத் துண்டித்து, மல்டிமீட்டரால் இடத்தை உறுதிசெய்துகொண்டு, அதை எடுத்துவிட்டு 1 கிலோ ஓம் வையுங்கள். ஐ.சி.யின் டேட்டாஷீட் இந்த இடத்தில் 240 ஓம் முதல் 1.5 கிலோ ஓம் வரை அனுமதிக்கிறது. இப்போது உச்சம் 13.5 வோல்ட். ஒரு சுற்றுக்கு அரை வோல்ட்தான் நகரும். 25 சுற்றில் 20 பயன்படும். இதற்குப் பிறகு குமிழ் வைத்தாலும் கைக்கு அடங்கும். கடையில் 'பி10கே' என்று கேளுங்கள். 'ஏ' வகை ஆடியோவுக்கானது, இங்கே சரிப்படாது.

இன்னொரு ஆபத்து பலருக்குத் தோன்றுவதில்லை. குமிழுக்குப் போகும் வயர் அறுந்தால் ஃபீட்பேக் காலுக்கு ஒன்றும் வராது. வெளியீடு போதவில்லை என்று நினைத்துக்கொண்டு ஐ.சி. உள்ளே வரும் வோல்டேஜை ஏறக்குறைய அப்படியே வெளியே தள்ளும். 5 வோல்ட் சர்க்யூட் அந்த நொடியே போய்விடும். அதைத் தடுக்க, பிரீசெட் இருந்த இரு முனைகளுக்கும் குறுக்கே 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றைப் போர்டிலேயே பற்றவைக்கலாம். குமிழின் முழு எல்லையும் சுமார் 5.2 வோல்ட்டில் அடங்கும். வயரே அறுந்தாலும் 7-க்கு மேல் போகாது. 9 வோல்ட்டும் தேவை என்பவருக்கு இது உதவாது. 5, 3.3 வோல்ட்டே போதும் என்பவர் இதைத் தவிர்ப்பதற்குக் காரணமே இல்லை.

குமிழுக்கான வயர்கள் சில அங்குலத்துக்கு மேல் வேண்டாம். முறுக்கி, காயிலிலிருந்து விலக்கிக் கொண்டுபோங்கள். அதில் 150 கிலோஹெர்ட்ஸ் வேகத்தில் மின்னோட்டம் ஏறி இறங்குகிறது; அந்த இரைச்சல் ஃபீட்பேக்கில் கலந்தால் வெளியீடு தள்ளாடும்.

எல்லாம் முடிந்ததும் லோடு எதையும் மாட்டாமல், குமிழை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒருமுறை திருப்பி மீட்டரில் பாருங்கள். உங்கள் சர்க்யூட்டை அதற்குப் பிறகு இணைத்தால் போதும்.