எலும்பினுள் மறையும் உலோகம்

மரத்திலிருந்து விழுந்து கால் முறிந்த சிறுவனுக்குச் சத்திரசிகிச்சை வைத்தியர் உருக்குத் தகடொன்றை வைத்துத் திருகாணிகளால் எலும்பைப் பொருத்திவிடுகிறார். சில மாதங்களில் எலும்பு கூடிவிடுகிறது; தகட்டின் வேலையும் முடிந்துவிடுகிறது. ஆயினும் தகடு போவதில்லை. சிறுவன் வளர்கிறான், தகடு வளராது. ஆதலின் அவனை மீண்டும் மயக்கி, ஆறிய தசையைக் கீறி அதனை எடுக்கவேண்டிய நிலை பலமுறை நேர்கிறது. இந்த இரண்டாம் கீறல் இல்லாமற் செய்ய வழியுண்டா?

உண்டு என்பார், வேலை முடிந்ததும் தானே கரைந்துபோகும் உலோகத்தை நாடுகின்றனர். அவற்றுள் முதன்மையானது மகனீசியம். ஆய்வுகூடத்திலே கண்கூசும் வெண்சுடருடன் எரியும் மகனீசிய நாடாவை எம் மாணவர் அறிவர். வளர்ந்தவர் ஒருவரின் உடலில் ஏறக்குறைய 25 கிராம் மகனீசியம் உண்டு. அதிற் பாதிக்கு மேல் எலும்பிலேயே தங்கியிருக்கிறது. எனவே உடலுக்கு அது அந்நியப் பொருளன்று. மேலும், உருக்கு எலும்பைக் காட்டிலும் மிக விறைப்பானது. சுமையைத் தானே ஏற்று எலும்பை மெலியச் செய்துவிடும். மகனீசியத்தின் விறைப்போ எலும்பினதற்கு அண்மையானது.

இவ்வெண்ணம் புதிதன்று. பெல்ஜியம் நாட்டின் அல்பின் லம்பொத் என்னும் வைத்தியர் 1906 ஆம் ஆண்டளவில் பதினேழு வயதினர் ஒருவரின் முறிந்த காலில் மகனீசியத் தகட்டை வைத்தார். அதனைப் பிணிக்கப் பொன்முலாம் பூசிய உருக்கு ஆணிகளைப் பயன்படுத்தினார். எட்டே நாளில் தகடு சிதைந்தது; தோலின் கீழே வாயு திரண்டு வீங்கியது. நடந்தது யாதெனில், உப்புநீரை ஒத்த உடற்றிரவத்தில் இருவேறு உலோகங்கள் தொட்டு நின்றமையால் காலினுள்ளே ஒரு மின்கலம் அமைந்துவிட்டது! அதில் நலிந்தது மகனீசியம். பின்னர் அவரும் அவருடைய உதவியாளர் வெர்பிரூக்கும் வேற்றுலோகத்தை விலக்கி முயன்று, பிள்ளைகளின் முறிவுகளிற் பயன் கண்டனர். எனினும் துருப்பிடியா உருக்கு வந்தபின் மகனீசியத்தை உலகம் மறந்தது.

வேற்றுலோகத்தை விலக்கினாலும் வாயு முற்றாக ஒழியாது. ஒரு கிராம் மகனீசியம் நீருடன் தாக்கமுற்றுக் கரையும்போது ஏறத்தாழ ஒரு லீற்றர் ஐதரசன் வெளிவரும். மெல்லக் கரைந்தால் உடல் அதனை அகற்றிவிடும். விரைந்தால் குமிழியாகத் தேங்கும். எனவே இற்றியம், நியோடிமியம் முதலியவற்றைச் சிறிதளவு சேர்த்த கலப்புலோகங்களை ஆக்கி, கரையும் வேகத்தைத் தணித்தனர். ஜேர்மனியின் ஹனோவர் நகரில் உருவான இத்தகைய திருகாணி 2013 இல் ஐரோப்பிய அனுமதி பெற்றது.

அது அச்சிட்டதன்று. அச்சிடல் என்பது வேறு கதை. உலோகத்தூளை மயிரிழையினும் மெல்லிய படையாகப் பரப்பி, வேண்டிய இடத்தை மட்டும் லேசர்க் கதிரால் உருக்கி, அதன்மேல் அடுத்த படையைப் பரப்பி உருவத்தை எழுப்புகின்றனர். ஒருவரது எலும்பின் படத்தைப் பார்த்து அவருக்கென்றே அளவெடுத்துச் செய்யலாம். கடற்பஞ்சு போலத் துளைகள் விட்டு, எலும்பு உள்ளே வளர இடமும் தரலாம். ஆனால் மகனீசியம் 650 பாகையில் உருகி 1,100 பாகையளவில் கொதித்துவிடும். லேசரின் வெம்மையிலே ஆவியெழுந்து கதிரை மறைக்கும். தூள் தீப்பற்றவும் கூடும். ஆகவே ஆகன் வாயு நிரம்பிய அறையிலே வேலை நடக்கிறது. நாகத்தின் கொதிநிலை 907 பாகையே. அது இன்னும் தொல்லை. இரும்பை அச்சிடுதல் எளிது, ஆனால் அது உடலினுள் மிக மெதுவாகவே கரைகிறது.

துளைகளாலும் ஒரு சிக்கல் உண்டு. மேற்பரப்புப் பெருகுவதால் அரிப்பும் பெருகும். நெதர்லாந்தின் டெல்ஃப்ட் தொழினுட்பப் பல்கலைக்கழகத்தார் 2018 இல் வெளியிட்ட ஆய்வில், அச்சிட்ட மகனீசியச் சட்டம் உடற்றிரவத்தை ஒத்த கரைசலில் நான்கு வாரத்தில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கை இழந்தது. எஞ்சியதன் பலம் பஞ்செலும்புக்கு ஈடாயிருந்தது. இது நம்பிக்கை தரும் செய்தியே. ஆயினும், காலின் பெருஞ்சுமையை இதன்மேல் ஏற்ற இன்னும் காலம் செல்லுமென்றே நாம் கருதுகிறோம்.

ஒன்று கூறவேண்டும். மகனீசியத் திருகாணியைச் சூழ எக்ஸ்-கதிர்ப் படத்தில் கருநிழல் தோன்றுவதுண்டு. பார்த்த மாத்திரத்தே கிருமி தொற்றியதெனவோ, ஆணி தளர்ந்ததெனவோ வைத்தியர் ஐயுறக்கூடும். பலவேளை அது வெளியேறும் ஐதரசனின் நிழலே. அதை அறியாது அவசரப்பட்டுத் திறந்தால், தவிர்க்க எண்ணிய இரண்டாம் கீறலே அங்கு நிகழ்ந்துவிடும்.