‘ஆ’ காட்டும் முன்...

சலூனில் “புது பிளேடு போடுப்பா” என்று அதிகாரம் பண்ணுகிறோம். கையேந்தி பவனில்கூட தட்டை நாலு தடவை திருப்பிப் பார்க்கிறோம். பல் டாக்டரிடம் மட்டும் பரம சாது! நாற்காலியில் சாய்ந்து, கண்ணை மூடி, வாயைத் திறந்து... சரணாகதி. உள்ளே போகிற கருவி அதற்கு முன்னால் யார் வாயில் இருந்தது? ம்ஹூம், கேட்பதே இல்லை.

1683-ல் ஹாலந்து நாட்டுத் துணி வியாபாரி லேவன்ஹூக், தன் பல்லிடுக்கு அழுக்கைச் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார். உள்ளே குட்டிக் குட்டி ஜீவன்கள் ஏக குஷியாக நீந்திக்கொண்டிருந்தன! மனித வாய்களில் இன்று கண்டறியப்பட்டிருக்கும் பாக்டீரியா இனங்கள் சுமார் 700. பெரும்பாலானவை வாடகை தராவிட்டாலும் வம்பு பண்ணாத குடித்தனக்காரர்கள்தான். ஒரு வாயிலிருந்து இன்னொரு வாய்க்கு டிரான்ஸ்ஃபர் ஆகும்போதுதான் தகராறு.

எப்படி ஆகும்? பல்லைக் குடைகிற டிரில், நிமிஷத்துக்கு மூன்று லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும். நிற்கும்போது எச்சிலையும் ரத்தத்தையும் துளி உள்ளே இழுத்துக்கொள்ளக்கூடும். வெளியே ஸ்பிரிட் போட்டுத் துடைத்தால் பளபளக்கும். உள்ளே? அதற்குத்தான் ஆட்டோகிளேவ். பிரஷர் குக்கருக்குப் பெரியண்ணன்! 121 டிகிரி நீராவியில் வேகவைத்துவிடும். சாதா வெந்நீரில் கொதிக்க வைத்தால் சாகாத கிருமிகள் உண்டு.

தண்ணீர் வருகிற மெல்லிய குழாயும் சாமானியமில்லை. இரவெல்லாம் தண்ணீர் தேங்கினால் பாசி மாதிரி கிருமிப் படலம் படியும். 2011-ல் இத்தாலியில் 82 வயதுப் பாட்டி ஒருவர் ‘லெஜியோனெல்லா’ நிமோனியாவில் இறந்தார். அதே கிருமி அவர் போய்வந்த பல் கிளினிக் குழாய்த் தண்ணீரில் இருந்தது.

இத்தாலிதானே என்கிறீர்களா? நம்ம வாணியம்பாடிக்கு வாங்க. 2023-ல் அங்கே ஒரே பல் கிளினிக்கில் சிகிச்சை பெற்றவர்களில் எட்டுப் பேர் மூளையைத் தாக்கும் தொற்றால் இறந்துபோனார்கள். அது வாயில் குடியிருக்கிற கிருமி அல்ல. மண்ணில், தண்ணீரில் இருப்பது. ஆராய்ந்தவர்களின் பார்வை சலைன் பாட்டிலில் போய் நின்றது. சிகிச்சைக் கருவியாலேயே பாட்டிலைத் திறந்து, மீதியை அரைகுறையாக மூடி வைத்து, அடுத்தவருக்கும் உபயோகித்திருக்கிறார்கள். பல்வலிக்குப் போனவர்கள் சார்! எத்தனை சின்ன அலட்சியம்... எட்டு உயிர்!

இதற்காகப் பல் டாக்டரே வேண்டாம் என்று கிராம்பும் கையுமாக உட்கார்ந்துவிடாதீர்கள். ஒழுங்காக நடத்துகிறவர்கள்தான் அதிகம். நான் பி.காம். ஆசாமி, ரசீது பார்க்காமல் எதையும் நம்பமாட்டேன். கருவி வருகிற கவரில் அந்த ரசீது இருக்கிறது. ஆட்டோகிளேவுக்குள் போய்வந்தால் அதிலுள்ள அடையாளம் நிறம் மாறியிருக்கும். கவரை உங்கள் எதிரில் பிரிக்கிறார்களா, புதுக் கையுறையா, புது ஊசியா, சலைன் புதிதாகத் திறந்ததா... பார்த்துக்கொள்ளுங்கள். சந்தேகமிருந்தால் கேளுங்கள். நல்ல டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார், பெருமையாகவே காட்டுவார்.

ஒன்று மட்டும்... வாயைத் திறப்பதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். அப்புறம் கேட்டால் “ஆ... ஊ...” என்றுதான் வரும். வலிக்கிறதாக்கும் என்று டாக்டர் இன்னொரு ஊசி போட்டுவிடுவார்!